தனித்திருக்கும் முதியோரும் வீடறியும் கருவிகளும்

மன்னார் மாவட்டத்தில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் அடம்பன், உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் முதலிய ஊர்களிலும், கடலை நம்பிய பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலும், மாலையில் விளக்கேற்றுபவரும் இரவில் அதனை அணைப்பவரும் ஒரே முதியவராக இருக்கும் வீடுகள் இன்று அரியவை அல்ல. 1990ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட போரினாலும், அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதனாலும் சிதறுண்ட குடும்பங்களில், 2009இல் போர் ஓய்ந்தபின் தங்கள் வளவையும் வயலையும் தேடித் திரும்பியவர்களுள் மூத்த தலைமுறையினர் பலர். அவர்தம் பிள்ளைகளோ புத்தளத்திலும் கொழும்பிலும், பாக்குநீரிணைக்கு அப்பால் மண்டபம் முகாமிலும், கனடாவிலும் லண்டனிலும் தொழிலும் பள்ளியும் திருமணமுமாக ஆங்காங்கே நிலைகொண்டுவிட்டார்கள். நாடு முழுவதுமே மூப்படைந்து வருகின்றது. 65 வயதைக் கடந்தோர் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் 7.9 வீதத்தினராக இருந்தார்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12.6 வீதத்தினராகிவிட்டார்கள்.

இவர்களுள் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால் அயலார் அறிவர். காய்ச்சல் வந்தால் முருங்கன் ஆஸ்பத்திரிக்கோ மன்னார்ப் பெரியாஸ்பத்திரிக்கோ கூட்டிச் செல்ல யாராவது வருவர். ஆனால் மனம் சோர்ந்து, வாழ்வில் நாட்டம் குன்றி, நாளுக்கு நாள் ஒருவர் தமக்குள்ளேயே ஒடுங்கிப்போவதை அறிவார் யார்? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மகன் கேட்கும்போது, “ஓம் தம்பி, சாப்பிட்டனான், எனக்கொரு குறையுமில்லை, நீ யோசியாதை” என்ற விடையே வரும். பிள்ளையைக் கலங்கவைக்கக்கூடாது என்னும் அன்பினால் வரும் விடை அது. ஆகவே அதனைப் பொய்யென்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. வைத்தியரிடத்திலும் நம் முதியோர் துக்கத்தைத் துக்கமென்று சொல்வது குறைவு. உடம்பு உளைகிறது, நித்திரை வருவதில்லை, நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது, சோறு இறங்குகிறதில்லை என்றுதான் சொல்வார்கள். வெளிநோயாளர் வரிசையில் சில நிமிஷங்களுக்குள் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்கவேண்டிய வைத்தியருக்கு, அந்த உளைச்சலின் பின்னால் இருக்கும் மனோநிலையை ஆராய அவகாசம் எங்கே?

இந்தச் சோர்வு கற்பனையானதன்று. போர் ஓய்ந்த சில மாதங்களுக்குள், 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, வினவப்பட்ட வயதுவந்தோருள் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் கண்டது. மன்னாரிலிருந்தும் வடக்கின் பிற பகுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே, காலஞ்சென்ற ஆய்வாளர் செஸ்மல் சிறிவர்தனவும் அவருடன் பணியாற்றியோரும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐவருக்கு ஒருவரிடம் பொதுவான மனநோய்களுள் ஒன்று காணப்பட்டது. இவை முதியோரை மாத்திரம் எண்ணிய கணக்குகளல்ல. ஆயினும் அன்று நடுத்தர வயதினராய் இருந்தவர்களே இன்று அந்த வீடுகளில் தனித்திருக்கும் முதியவர்கள்.

வாய் சொல்லாததை வீடு சொல்லக்கூடும் என்ற எண்ணம், சென்ற நூற்றாண்டின் இறுதியிலேயே விஞ்ஞானிகள் சிலருக்கு உதித்தது. மனச்சோர்வு என்பது மனத்தினுள் மாத்திரம் நிகழ்வதன்று. அது சரீரத்தின் தினசரிக் கிரமத்தையும் குலைக்கின்றது. வைகறைக்கு வெகு முன்னரே விழிப்புத் தட்டிவிட, பிறகு உறக்கம் கூடாது, பகலில் உறக்கம் வரும், சமையல் குறையும், குளிப்பதும் உடைமாற்றுவதும் தள்ளிப்போகும், கோயிலுக்கோ சந்தைக்கோ அயல்வீட்டுக்கோ போகும் கால்கள் நின்றுவிடும். வயோதிகருடைய மனச்சோர்வை மதிப்பிடுவதற்கென்று 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அமைக்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் வினாப்பட்டியலிலும், வெளியே சென்று புதியன செய்வதைவிட வீட்டிலிருப்பதையே விரும்புகிறீர்களா என்பது ஒரு கேள்வி. அக்கேள்வியை ஆண்டுக்கொரு முறை வாயினால் கேட்பதற்குப் பதிலாக, வீட்டுக் கதவையே நாள்தோறும் கேட்டால் என்ன என்பதுதான் இத்துறையின் மூலக்கருத்து.

கேட்கும் உபகரணங்கள் மிக எளியவை. அவற்றுள் பிரதானமானது, வங்கிகளிலும் கடைகளிலும் சுவரின் மூலையில் நாம் காணும் வெண்ணிற அசைவறி கருவி. சூடுள்ள பொருள் எதுவும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றது. மனித சரீரம் வெளியிடும் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரோமீற்றர் அளவிலே மிகுதியாக அமையும். தன் வெப்பநிலை சிறிது மாறினாலும் மேற்பரப்பில் மின்னேற்றம் தோன்றும் இயல்புடைய ஒருவகைப் படிகத்தின் இரு துண்டுகளை, ஒன்றன் மின்னை மற்றொன்று கழிக்கும்படி எதிரெதிராக இணைத்து, அவற்றின் முன்னே தேன்கூட்டின் கண்ணறைகளைப் போன்று பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட பிளாஸ்ரிக் வில்லையொன்றைக் கவிழ்த்துவைத்திருப்பார்கள். அறை முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறினால் இரு துண்டுகளும் ஒருசேர மாறுவதனால் கருவி மௌனமாக இருக்கும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால், அவருடைய வெப்பத்தின் பிம்பம் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ, மின்துடிப்பொன்று பிறக்கும். நடந்தவர் யார், அவர் முகம் எப்படி, என்ன பேசினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த அறையில், இந்த நேரத்தில், சூடுள்ள ஏதோ ஒன்று அசைந்தது என்பதே அது அறிந்த அனைத்தும். வாசற்கதவுக்குப் பூட்டும் கருவி இதனினும் எளிது: கதவில் ஒரு காந்தம், நிலையில், கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த இரு மெல்லிய இரும்புத் தகடுகள். கதவு மூடியிருக்கையில் அவை ஒட்டிக்கொள்ளும், திறக்கையில் விலகும்.

ஜப்பானிலே ஸோஜிருஷி என்ற நிறுவனம் 2001ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி எளிமையாகச் சிந்தித்தது. தேநீருக்கு வெந்நீர் வைக்கும் மின்கெண்டிக்குள் ஒரு சிறு தொடர்புக் கருவியைப் பொருத்தி, முதியவர் வெந்நீர் எடுத்த விவரம் தொலைவிலுள்ள பிள்ளையின் மின்னஞ்சலுக்குச் செல்லும்படி செய்தது. காலையில் எழுந்தவுடன் தேத்தண்ணி வைக்காத வீடு நம் பக்கத்திலும் இல்லையாதலால், இந்த யோசனையின் நுட்பம் நமக்கு எளிதில் விளங்கும்.

கருவிகள் எளியவை, அவை தரும் குறிப்புகளிலிருந்து பொருள் காண்பதே கடினம். ஒரு முதிய மாதின் வீட்டுப் பதிவு இவ்வாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 9.10க்குப் படுக்கையறையில் அசைவு, பிறகு அமைதி. 1.40க்குக் குளியலறை. 3.15க்குப் படுக்கையறை, 3.20க்குக் குசினி, 3.50க்கு விறாந்தை, விடியும்வரை விறாந்தையிலே சிறு சிறு அசைவுகள். 6.30க்கு வாசற்கதவு திறக்கப்பட்டு 6.35க்கு மூடப்பட்டது, அன்று முழுவதும் அது மீண்டும் திறக்கப்படவில்லை. இந்த ஒரு நாளின் பதிவிலிருந்து எவராலும் எதுவும் சொல்ல இயலாது. இரத்த அழுத்தத்துக்குத் தந்த நீர்மாத்திரை அவரை நள்ளிரவில் எழுப்பியிருக்கலாம். வெக்கையினால் விறாந்தைக்கு வந்திருக்கலாம். கணவரின் ஆண்டுத்திவசம் நெருங்குவதனால் நினைவுகள் எழுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று மாதங்களுக்கு முன் அதே மாது இரவெல்லாம் உறங்கி ஐந்து மணிக்கு எழுந்து, நாளொன்றுக்கு மூன்று முறை வெளியே சென்றுவந்தவராயின், வாரத்திற்கு வாரம் அந்தக் கிரமம் தேய்ந்து இந்நிலைக்கு வந்ததாயின், அங்கே கேட்டறிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கின்றது. கட்டுக்கரைக் குளத்தின் நீர்மட்டத்தை அளவுகோலிற் பார்ப்பவர், பிற குளங்களின் மட்டத்தோடு ஒப்பிட்டு இதனைக் குறைவென்றோ நிறைவென்றோ சொல்வதில்லை. இதே குளம் சென்ற ஆண்டு இதே மாதத்தில், தேக்கம் அணைக்கட்டிலிருந்து அருவியாற்று நீர் இவ்வளவு வந்தபோது எப்படி நின்றது என்றே பார்ப்பார். முதியவரையும் அவருடைய பழைய நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஊருக்குப் பொதுவான சராசரியொன்றை வைத்து அளந்தால், ஆயுள் முழுவதும் ஏகாந்தத்தை விரும்பி மனநிறைவோடு வாழ்பவர் நோயாளியாகிவிடுவார். நாள்தோறும் நாலு வீடு சுற்றியவர் இரண்டு வீடாகக் குறைத்துக்கொண்டது எவர் கண்ணுக்கும் படாது போய்விடும்.

இவ்வகை ஒப்பீட்டை நீண்ட காலம் பொறுமையாகச் செய்தவர்களுள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜெஃப்ரி கேயும் அவர் குழுவினரும் முக்கியமானவர்கள். நடைபாதையின் கூரையில் அசைவறி கருவிகளை ஒரே வரிசையிற் பொருத்தி, முதியவர் ஒன்றைக் கடந்து அடுத்ததைச் சேரும் நேரத்திலிருந்து அவருடைய நடைவேகத்தை, அவர் அறிந்து ஒரு தப்படியும் வைக்காமலே, ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். நினைவாற்றல் குன்றத் தொடங்குவோரின் நடைவேகத்தில் ஏற்ற இறக்கங்கள் மாறுபடுகின்றன என்பது அவ்வாறு வெளிப்பட்டது. பின்னர், 2016இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வொன்று, பதினாறு முதியோரின் இல்லங்களை எட்டு மாதங்கள் கவனித்து, வீட்டுக்கு வெளியே கழிக்கும் நேரம் குறையுமிடத்துத் தனிமையுணர்வு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பதினாறு பேர் என்பது சிறு தொகையே. எனினும், வாய்விட்டுச் சொல்லப்படாத ஓர் உணர்ச்சியைக் கதவின் திறப்பும் மூடலும் ஓரளவேனும் தொட்டுக்காட்டின என்பது அலட்சியப்படுத்தத்தக்கதன்று.

நமக்கு அண்மையான பரிசோதனை சிங்கப்பூரில் நடந்தது. அங்கே மரீன் பரேட் பகுதியில், அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் தனித்து வாழும் முதியோரின் இல்லங்களில், சிங்கப்பூர் முகாமைத்துவப் பல்கலைக்கழகம் இந்தியாவின் ரிசிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வுகூடம், ஒவ்வோர் அறைக்கும் ஓர் அசைவறி கருவியும், வாசலுக்கு ஒரு கதவுக் கருவியும், திறந்தால் அறிவிக்கும் மருந்துப் பெட்டியும் வைத்தது. இப்பணியிலிருந்து நதீ குணவர்தனவும் டான் ஹ்வீ பிங்கும் பிறரும் 2017இல் வெளியிட்ட முடிவுகள் மிகுந்த சிந்தனைக்குரியவை. வெளியே செலவிடும் சராசரி நேரம், ஒருவருடைய உறவு வட்டத்தின் அளவோடும் அவர் உணரும் சமூகத் தனிமையோடும் தொடர்புற்றிருந்தது. கூடத்திலே நெடுநேரம் கழிப்பவர்களிடம் மற்றொரு வகைத் தனிமை, அதாவது நெருங்கிய ஒருவர் இல்லையே என்னும் ஏக்கம், கூடுதலாகக் காணப்பட்டது. பகலுறக்கமும் தனிமையுணர்வோடு சேர்ந்தே வந்தது. நண்பர் கூட்டம் இல்லாத குறையும், ஆத்மார்த்தமாக ஒருவர் இல்லாத குறையும் வெவ்வேறு என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். அவை வீட்டின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தடங்களைப் பதிக்கின்றன என்பதே இங்கு நாம் புதிதாக அறிவது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே நாட்டில், நாற்பத்தொன்பது முதியோரின் வீடுகளை இரண்டு மாதங்கள் கவனித்த வேறோர் ஆய்வு, நினைவுக்குறைவு தொடங்கியவர்கள் மருந்தைக் கூடுதலாக மறப்பதையும் இரவில் கூடுதலாக உறக்கம் கலைவதையும் பதிவுசெய்தது. பங்குகொண்டோருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருவியை நிரந்தரமாகவே வைத்துவிடும்படி கேட்டார்களாம்.

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டுக்கு வாசல் ஒன்று. அறைகள் எண்ணி மூன்று நான்கு. சுவருக்குள்ளேதான் முழு வாழ்வும். நம் பக்கத்து வீடு அப்படியானதா? ஆச்சி ஒருத்தியின் நாளில் பெரும்பகுதி சுவருக்கு வெளியேதான் கழிகின்றது. விடியற்காலை முற்றம் கூட்டுவாள், கிணற்றடியிற் குளிப்பாள், தனியாகக் கட்டிய குசினியில் சமைப்பாள், வெயிலேறியதும் வேம்பின் கீழோ தென்னோலைக் கிடுகு வேய்ந்த பத்தியிலோ பாயை விரிப்பாள், வேலிப் பொட்டினூடே அயல்வளவுக்குப் போய் வருவாள். வாசற்கதவோ காலையில் திறந்தால் மாலைவரை திறந்தேதான் கிடக்கும். இங்கே அந்தக் கதவிற் காந்தத்தைப் பூட்டிவிட்டு, அது திறபட்ட தடவைகளை எண்ணி ஆச்சியின் மனோநிலையை மதிப்பிடப் புறப்பட்டால், விபரீதமான முடிவுகளே கிடைக்கும். உள்ளறைகளில் அசைவில்லை என்பதற்காக அவள் சோர்ந்துகிடக்கிறாள் என்று கனடாவில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகும். அந்நேரம் அவள் வேம்பின் நிழலில் அயல்வீட்டுப் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருப்பாள். உண்மையில் நம் நாட்டில் கவனிக்கத்தக்க குறி இதற்கு நேர்மாறானது: முற்றத்துக்கு வருவது குறைந்து, வீட்டின் உள்ளறையில் அசைவு கூடுமாயின் அதுவே கவலைக்குரியது. ஆகவே கருவிகளைக் கிணற்றடி, குசினி, பத்தி, வேலிப் பொட்டு ஆகிய இடங்களிலே வைப்பதற்கு வழி காணவேண்டும். அங்கே மழையும் உப்புக்காற்றும் அவற்றை அரிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

வெப்பம் மற்றோர் இடையூறு. அசைவறி கருவி உணர்வது சரீரத்தின் வெப்பத்தை மாத்திரமன்று. சரீரத்துக்கும் அதன் பின்னாலுள்ள சுவருக்கும் இடையேயுள்ள வேற்றுமையை. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33, 34 பாகை செல்சியஸ். சித்திரை வைகாசியில் மன்னாரில், தகரக் கூரையின் கீழே, நண்பகலில் அறையும் அந்த அளவுக்குச் சூடேறும்போது, அக்கருவிக்கு மனிதனும் சுவரும் ஒன்றாகிவிடுவர். முன்னே நடந்தாலும் அது காணாது. பகலில் அசைவில்லை என்னும் பதிவு, சோர்வின் அடையாளமாக அன்றிக் கோடையின் அடையாளமாக இருக்கக்கூடும். இதனைத் திருத்துவதற்கு வெப்பமானி ஒன்றையும் உடன்வைத்து, சூடு மிகுந்த மணிகளின் பதிவைக் கணக்கிலிருந்து தள்ளிவிட வேண்டும். நாயும் பூனையும் ஓட, வாடைக்காற்றில் திரைச்சீலை ஆட, தவறான துடிப்புகள் பிறப்பதும் உண்டு. படுக்கையின் கீழே வைத்து உறக்கத்தை அளக்கும் அழுத்தக் கருவிகளைப் பற்றி இங்கே விரிக்கவேண்டியதில்லை. வெக்கைக்கு விறாந்தைத் தரையில் பாய்போட்டுப் படுப்பவருக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை.

நாட்காட்டியையும் கருவிக்குக் கற்பிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் எருக்கலம்பிட்டியிலே ஒரு மூதாட்டி, சஹர் உணவுக்காக வைகறைக்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டுவாள், பகலில் படுத்திருப்பாள், அஸ்தமனத்தின் பின் வீடு கலகலக்கும். மனச்சோர்வென்று நாம் மேலே சொன்ன அறிகுறிகளெல்லாம் அந்த முப்பது நாளில் பக்தியின் அறிகுறிகளாக நிற்கும். ஆடி, ஆவணியில் மடுமாதாவின் திருவிழாவுக்குச் சென்று கூடாரமடித்துத் தங்கும் கத்தோலிக்க முதியவரின் வீடு நாட்கணக்கில் அசைவற்றுக் கிடக்கும். காலபோகத்தில் குளம் திறந்து வாய்க்காலில் நீர் வரும் காலத்தே, முதுமையிலும் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடும் கமக்காரர், அறுவடை முடிந்தபின் வீட்டோடு முடங்குவது இயல்பே. இவற்றை அறியாத கணக்குமுறை, வருஷத்திற் பாதி நாள் வீணே அலறும். மீதிப் பாதியில், வீணே அலறியதென்று எண்ணி எவரும் அதற்குச் செவிசாய்க்கமாட்டார்கள்.

இவையெல்லாம் பொறியியலால் தீர்க்கத்தக்க குறைகள். இனிச் சொல்லப்போவது அவ்வாறு தீராது. வீட்டினுள் ஒருவருடைய நடமாட்டத்தைக் குறித்துக்கொள்ளும் பெட்டியொன்று, வேறு நாட்டவருக்கு வெறும் உபகரணமாகத் தோன்றலாம். சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து, பாஸ் எடுத்து ஊருக்குள் போய்வந்து, வீட்டில் எத்தனை பேர், நேற்றிரவு தங்கியவர் யார் என்ற கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் விடைசொல்லி மூத்த தலைமுறைக்கு, அது வேறு நினைவுகளை எழுப்பும். மனநலத்திற்காக வைத்த கருவியே மனத்தின் நிம்மதியைக் கெடுக்குமாயின் அதனை வைப்பதில் அர்த்தமில்லை. ஆகவே கமராவும் ஒலிவாங்கியும் கூடவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். எந்தப் பெட்டி எதை அறியும், எதை அறியாது, அந்தக் குறிப்பு எங்கே செல்லும், யார் பார்ப்பார் என்பதை முதியவருக்கே, அவர் மொழியில், அவசரமின்றிச் சொல்லி, அவர் சம்மதத்தைப் பிள்ளையிடமிருந்தன்றி அவரிடமிருந்தே பெறவேண்டும். நினைத்தபோது அணைத்துவைக்கும் விசையும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட கவனத்துக்குரியவையாக வகுத்திருப்பது நல்லதே. ஆனால் ஒரு முதியவரின் அந்தரங்கத்தைச் சட்டப்புத்தகத்துக்கு முன்பே காக்கவேண்டியவர்கள், கருவியை வாங்கி அனுப்பும் அவருடைய சொந்தப் பிள்ளைகள்.

கருவி ஒரு மாற்றத்தைக் கண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அச்செய்தி யாரிடம் போகவேண்டும்? விற்பவர்கள் எல்லாரும் தொலைவிலுள்ள மகனின் கைத்தொலைபேசிக்கு என்றே சொல்வார்கள்; பணம் கொடுப்பவர் அவராதலால். ஆனால் ரொறன்ரோவில் நள்ளிரவில் அச்செய்தியைப் பார்த்துத் திடுக்கிடும் மகனால், அடம்பனில் ஒரு கதவைத் தட்ட முடியாது. போர் தனி மனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்றும், குணமும் அந்த வழியாகவே வரவேண்டும் என்றும் யாழ்ப்பாண மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்திருப்பது இங்கே மிகவும் பொருந்தும். சிங்கப்பூர்ப் பரிசோதனையிலும், குறிப்பைப் பெற்றுக்கொண்டு படியேறிச் சென்று பார்க்கச் சமூகநிலையப் பணியாளர்கள் இருந்தார்கள். கருவி மாத்திரம் எவரையும் ஆற்றவில்லை. நம்மிடத்திலும் ஆட்கள் இல்லாமலில்லை. ஊர்தோறும் முதியோர் சங்கம் உண்டு, விதானையார் உண்டு, கோயிற்சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் பங்குச்சபையும் உண்டு, ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு உண்டு, 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவித் தொலைபேசியும் உண்டு. ஆயினும் முதலில் கதவைத் தட்டவேண்டியவர் உத்தியோகத்தர் அல்லர். உத்தியோகத்தர் வந்தால் ஆச்சி கதிரை போட்டுத் தேநீர் கொடுத்து, ஒரு குறையுமில்லை ஐயா என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அயல்வளவுப் பெண் வந்து, “என்னணை ஆச்சி, ரெண்டு நாளாக் கிணற்றடியிலை காணேல்லை?” என்று கேட்டால், பேச்சு வேறு விதமாகத் தொடங்கும்.

ஆதலால், தன் தாய்க்கோ தந்தைக்கோ இக்கருவியை வாங்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இது. எந்தக் கருவி, என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன்னர், வீட்டில் மாற்றமொன்று தென்பட்டால் அன்றைக்கே போய்ப் பார்க்கச் சம்மதிக்கும் இருவரை அயலில் தேடிக்கொள்ளுங்கள். அந்த இருவரும் யாராக இருக்கவேண்டும் என்பதை உங்கள் தாயே தெரிவுசெய்யட்டும். அவள் காட்டும் பெயர்களுள் நீங்கள் எதிர்பாராத ஒன்று இருக்குமாயின், ஏன் என்று அவளிடமே கேளுங்கள்; ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் இதுவரை பேசாத பலவற்றை அவள் அன்று பேசக்கூடும்.